சர்க்கரைக்குக் குரைக்கும் பெட்டி

எங்கள் ராஜபாளையத்தில் நாய் வளர்ப்பவர்கள் ஒரு வார்த்தை சொல்வார்கள்: "நாய் குரைச்சா நாயைத் திட்டாதே, வாசலைப் பாரு." சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த பேச்சுதான். ஆனாலும் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு மார்கழி மாதம் முழுக்க அது எனக்கு மறந்துபோனது. அதனால் ஒரு டீச்சரின் ஆறு வருட உழைப்பு குப்பைக்குப் போகப் பார்த்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர் மூன்று வாரம் சர்க்கரை இல்லாத காபியைக் குடித்துக்கொண்டு உலகத்தைச் சபித்தார்.

எனக்குத் தொழில் ரேடியோ ரிப்பேர். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் எட்டடிக்கு ஆறடியில் ஒரு கடை. பத்தாவதில் கணக்கில் தோற்றவன். பழைய பேப்பர் கடைக்கு எடைக்கு வரும் எலெக்ட்ரானிக்ஸ் புத்தகங்களைப் பக்கத்துக்குப் பக்கம் படம் பார்த்தே தொழில் படித்தேன். அட்டை கிழிந்த புத்தகம்தான் மலிவாகக் கிடைக்கும் என்பதால், நான் யார் எழுதியதைப் படித்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

எண்பதுகள் முடியப்போகும் சமயம் கல்லூரியில் கெமிஸ்ட்ரி நடத்தும் ஒரு அம்மா கடைக்கு வந்தார். கல்லூரியில் அவர் பேராசிரியர். ஊருக்கு டீச்சர். வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பம். கோபம் வந்தால் மட்டும் தெலுங்கு வாசல் தாண்டி வெளியே வரும். ரசாயனக் கூடத்து மீட்டர் ஒன்றை என் மேசையில் வைத்து, "முள்ளு ஆடவே மாட்டேங்குண்ணே" என்றார். திறந்து பார்த்தேன். உள்ளே ஒரு பல்லி முட்டையிட்டுக் குடும்பம் நடத்தியிருந்தது. பல்லியை மரியாதையாக வெளியேற்றி, ஒரு ஒயரைப் பற்றவைத்துக் கொடுத்தேன். முள் ஆடியது. டீச்சர் போகவில்லை.

"அண்ணே, ரொம்பச் சின்ன கரண்ட்டை அளக்க ஒங்களால ஒரு மீட்டர் செய்ய முடியுமா?"

"எம்புட்டுச் சின்னது?"

"எறும்பு தும்முனா வர்ற காத்து அம்புட்டு."

எறும்பு இந்தக் கதைக்குள் அப்போதே வந்துவிட்டது. எனக்குத்தான் தெரியவில்லை.

டீச்சர் செய்ய நினைத்தது இது. ஒரு துளி ரத்தத்தில் ஆயிரம் சாமான் கிடக்கிறது. அதில் குளுக்கோஸ் என்கிற சர்க்கரை மட்டும் எவ்வளவு என்று அந்த இடத்திலேயே, அந்த நிமிடத்திலேயே சொல்ல வேண்டும். அதற்கு என்சைம் என்று ஒரு மஞ்சள் பொடி. ஐஸில் வைக்காவிட்டால் செத்துவிடும். அந்தப் பொடி குளுக்கோஸைத் தவிர வேறு எதையும் சீண்டாது. சீண்டினால் எலெக்ட்ரான் கழன்று வரும். அதை வாங்கிப் பக்கத்தில் இருக்கும் கரிக்குச்சியிடம் சேர்க்க ஆரஞ்சு நிறத்தில் இன்னொரு பொடி. அது தரகு வேலை. கரிக்குச்சியில் எவ்வளவு கரண்ட் ஓடுகிறதோ, ரத்தத்தில் அவ்வளவு சர்க்கரை.

நான் சொன்னேன்: "இது நம்மூரு நாயி மாதிரி, டீச்சர். திருவிழாக் கூட்டத்துல ஆயிரம் பேரு போனாலும் கண்ண மூடிப் படுத்துக்கெடக்கும். அதுக்கு ஆகாத ஒருத்தன் வந்தா மட்டும் எந்திரிச்சுக் குரைக்கும். எத்தனை தடவ குரைக்குன்னு எண்ணிச் சொல்லுறது என் பெட்டிக்கு வேலை. சரியா?"

டீச்சர் அப்படியே நின்றார். "அண்ணே, இதத்தான் நான் எங்க வீட்டுல நாலு வருஷமாச் சொல்லத் தெரியாம முழிக்கேன்."

அன்றிலிருந்து எங்களுக்குள் அந்த என்சைமுக்குப் பெயர் நாய். "அண்ணே, நாய்க்கு ஐஸ் வச்சாச்சா?" என்று டீச்சர் கடை வாசலில் நின்று கேட்பார். ரேடியோ வாங்க வந்தவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

கரிக்குச்சிக்கு நான் வெளியே போகவில்லை. தீர்ந்துபோன டார்ச் பேட்டரியை உடைத்தால் நடுவில் இருப்பது அதுதான். உப்புத்தாளால் தேய்த்து, நுனி மட்டும் தெரிய, உடம்பு முழுக்க ஏதாவது பூசி மூட வேண்டும். தண்ணீர் ஏறக்கூடாது, கரண்ட் கசியக்கூடாது. அரக்கு வெடித்தது. பெயின்ட் உரிந்தது. கடைசியில் டீச்சரின் தங்கை மகள் விரலைப் பார்த்து ஞானம் வந்தது: நெயில் பாலிஷ்.

மாதம் ஒருமுறை பேன்சி ஸ்டோருக்குப் போய் நெயில் பாலிஷ் வாங்கினேன். கடைக்காரர், "அண்ணாச்சி இந்த மாசமும் செவப்புதானா?" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி விசாரிப்பார். விஷயம் வீட்டுக்குப் போக எத்தனை நாள் ஆகும்?

"என்னங்க, சட்டைப் பையில நெகத்துக்குப் பூசுறது இருக்கு. எனக்கா வாங்குனீக?" என்றாள் மனைவி.

"இல்ல. மிஷினுக்கு."

"மிஷினு எந்தத் தெருவுல குடியிருக்கா?"

மறுநாள் நேராகக் கடைக்கே வந்துவிட்டாள். சோப்பு டப்பா ஓரமெல்லாம் இருபது கரிக்குச்சிகள் சிவப்புப் பூசி வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. ரொம்ப நேரம் பார்த்தாள். "கட்டுன பொண்டாட்டிக்குப் பத்து வருஷத்துல ஒரு பாட்டில் வாங்கலை. செத்த பேட்டரிக்குப் பூசி அழகு பாக்காக" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதன்பின் நான் இரண்டு பாட்டிலாக வாங்கினேன். ஆராய்ச்சி என்பது குடும்பத்தையும் அனுசரித்துச் செய்ய வேண்டிய காரியம்.

பழைய டேப் ரிக்கார்டரிலிருந்து ஒரு முள் மீட்டர், ஒன்பது வோல்ட் பேட்டரி, ரெண்டு ஐ.சி. சிப்பு, ஒரு டிபன் பாக்ஸ். டிபன் பாக்ஸுக்குள்தான் எல்லாம். அளவு தெரிந்த சர்க்கரைத் தண்ணீரை ஒரு துளி வைத்தால் முள் சரியான கோட்டில் போய் நின்றது. இரண்டு பங்கு வைத்தால் இரண்டு பங்கு. வெறும் தண்ணீருக்கு அசையவில்லை. அன்றைக்கு டீச்சர் எல்லோருக்கும் காபி வாங்கிக் கொடுத்தார்.

அதற்குள் டீச்சர் டாக்டர் பட்டத்துக்குப் பதிந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. மதுரையில் இருந்த அவருடைய கைடு கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: ஒரு ஊரில் இருபது பேர், வேறொரு ஊரில் இருபது பேர். வெறும் வயிற்றில் விரலில் குத்தி இந்தப் பெட்டியில் பார்க்க வேண்டும். அதே ஆளிடம் முழங்கை நரம்பில் ரத்தம் எடுத்து ஆஸ்பத்திரி லேபுக்கு அனுப்ப வேண்டும். இரண்டும் ஒத்துப்போக வேண்டும். தை மாதக் கடைசிக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. மறுபடி முதலிலிருந்து.

"மொதல்ல இருந்துன்னா என்னால ஏலாதுண்ணே," என்றார் டீச்சர். "வீட்டுல 'ஆறு வருஷமா என்னத்தப் படிக்கா'ன்னு கேக்காத ஆளு இல்ல. தோத்துட்டேன்னு சொன்னா, 'அப்பவே சொன்னோம்ல'ன்னு சொல்றதுக்கு வரிசையில நிக்காக."

ராஜபாளையத்து இருபது பேரும் மில் தொழிலாளர்கள். ஒரு டாக்டரின் கிளினிக்கில் காலை ஷிப்டுக்கு முன்னால் வந்தார்கள். கம்பவுண்டர் நரம்பில் எடுத்தார். டீச்சர் விரலை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, ஊசியால் குத்தி, துளியைக் குச்சியில் வைத்தார். நான் முள்ளைப் படித்து நோட்டில் எழுதினேன். ஒருத்தர் பாக்கியில்லாமல் இடது கையைத்தான் நீட்டினார்கள். "வலதுல குத்திராதீக தாயி, அறுந்த நூல இணைக்கிற விரலு" என்றார் முதலில் வந்தவர். மற்றவர்களுக்கும் அதே நியாயம். லேப் கணக்கு நாலு நாளில் வந்தது. எங்கள் முள் சொன்னதும் அது சொன்னதும் மாமன் மச்சான் மாதிரி தோளில் கை போட்டு நின்றன.

அடுத்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். டீச்சரின் அப்பாவுக்குச் சிநேகிதரான போஸ்ட்மாஸ்டர் கோயில் பக்கத்துத் தெருவில் இருந்தார். ஆள் சேர்க்கும் பொறுப்பு அவருடையது. மார்கழி மாதம் தோது என்றார்: விடியுமுன்னே குளித்துக் கோயிலுக்குப் போகிறவர்கள், எல்லாருக்கும் வெறும் வயிறு, திரும்பும் வழியில் அவர் வீடு. "இருபது பேருக்கும் கார்டு போட்டுட்டேன்" என்றார். இருபது பேரும் அதே தெருவில் இருந்தவர்கள்.

முதல் பஸ்ஸில் போனோம். டிபன் பாக்ஸ் என் மடியில், நாய் தூங்கும் ஐஸ் பிளாஸ்க் டீச்சர் மடியில். "சாப்பாட்டைப் பிரிக்காம இம்புட்டுப் பதனமாப் பிடிச்சிருக்கீகளே, உள்ள என்னண்ணே?" என்றார் கண்டக்டர். "நாயி" என்றேன் பழக்கத்தில். அவர் அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார்.

போஸ்ட்மாஸ்டர் வீட்டுக் கூடத்தில் மேசை போட்டோம். முதல் ஆள் அவர்தான். "மாமா, ஏதும் சாப்பிட்டீகளா?" என்று டீச்சர் கேட்டார். "மார்கழியில இந்நேரத்துக்கு எவன் சாப்பிடுவான்?" என்றார். டீச்சர் இடது கையைப் பிடிக்கப்போனார். அவர் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"ஏ தாயி, ஒனக்கு நான் இடது கையாலயா குடுப்பேன்? ரத்தமே ஆனாலும் குடுக்கிறது வலது கையாலதான்."

பெரியவர் பிரியத்தில் சொல்கிறார். எந்தக் கை விரலானால் என்ன, உள்ளே ஓடுவது ஒரே ரத்தம்தானே என்று டீச்சர் விட்டுவிட்டார். ஸ்பிரிட்டால் துடைத்தார். குத்தினார். நான் முள்ளைப் பார்த்தேன். அது எழுந்து, கோடுகளையெல்லாம் தாண்டி, கடைசிக்குப் போய் முட்டி நின்றது. வாழ்க்கையில் முதல்முறையாக நான் ஒரு முள்ளிடம், "ஏலே, ஏலே" என்று கெஞ்சினேன்.

அடுத்தவருக்கும் அப்படி. அதற்கடுத்தவருக்கும். "எனக்கு எம்புட்டு?" என்று எட்டிப் பார்ப்பவர்களிடம் டீச்சர், "லேப் முடிவு வரட்டும்" என்று சிரிக்கப் பார்த்தார்.

ஏழாவதோ எட்டாவதோ, கோயில் மடைப்பள்ளியில் சமைக்கும் ஐயங்கார் சுவாமி வந்தார். கொதிக்கும் நெய் பட்டு வலது கை முழுக்கத் துணிக்கட்டு. "தப்பா நெனச்சுக்காதே அம்மா, இந்தக் கைதான் இருக்கு" என்று இடது கையைக் கூச்சத்தோடு நீட்டினார். குத்தும்போது என் பெட்டியை மேலும் கீழும் பார்த்தார்.

"இது என்னத்தைச் சொல்லும்?"

"சர்க்கரை இருக்கா இல்லையான்னு சொல்லும், சாமி."

"அந்த நாள்ல எறும்பு சொல்லிடுமே. எவன் ஒண்ணுக்குப் போன எடத்துல எறும்பு மொய்க்கறதோ, அவனுக்கு இருக்கு. எறும்பு பார்க்கற உத்தியோகத்துக்கு எதுக்குப்பா இத்தனை ஒயரு?"

கூடம் சிரித்தது. முள் மட்டும் சிரிக்கவில்லை. நல்ல பிள்ளையாக எழுந்து, நோயில்லாத மனிதனுக்கு எங்கே நிற்க வேண்டுமோ அங்கே நின்றது. போஸ்ட்மாஸ்டருக்குப் பொறுக்கவில்லை. "வெல்லத்துலயும் நெய்யிலயும் முங்கி எந்திரிக்கிறவனுக்கு ஒண்ணுமில்ல. கார்டு வித்துப் பொழச்ச எனக்கு வியாதியா?"

நாலு நாள் கழித்து லேப் கணக்கு வந்தது. ஏற்கெனவே வியாதி உள்ள இரண்டு பேரைத் தவிர எல்லோருக்கும் சரியாக இருந்தது. எங்கள் பெட்டியோ சமையல்காரரைத் தவிர தெருவையே நோயாளியாக்கியிருந்தது. போஸ்ட்மாஸ்டரிடம் லேப் பேப்பரைக் காட்டினோம். அவர் நம்பவில்லை. "பேப்பரு ஆள் எழுதுறது. முள்ளு அப்படியா? முப்பது வருஷம் தபால நிறுத்தவன் நான். முள்ளு பொய் சொல்லிப் பாத்ததில்ல" என்று காபியில் சர்க்கரையை நிறுத்திவிட்டார். அவருடைய வீட்டம்மா டீச்சரைப் பார்த்து, "ஒங்க மிஷினு வந்ததுல இருந்து இந்த மனுசன் மொகத்துல ஈ ஆடல" என்றார்.

நாங்கள் தேடாத குற்றம் இல்லை. பஸ் குலுக்கலில் ஏதாவது கழன்றிருக்கும் என்று, எங்கள் ஊர் பேண்டேஜ் பஞ்சை அரை கிலோ வாங்கிப் பெட்டியைச் சுற்றி, தூளிக் குழந்தை மாதிரி கொண்டுபோனேன். அதே கதை. ஐ.சி.யை மாற்றினேன். டீச்சர் புது நாய் வரவழைத்தார். அதே கதை. போஸ்ட்மாஸ்டர் வீட்டு மேசையிலேயே சர்க்கரைத் தண்ணீரை வைத்துப் பார்த்தால் முள் ஒழுங்காகச் சொல்லியது. அந்த ஊர்க்காரர் விரலிலிருந்து துளி வந்தால் பைத்தியம் பிடித்தது.

"கண்ணு பட்டிருக்கும், ஒரு எலுமிச்சம்பழத்தக் கட்டுங்க" என்றாள் மனைவி. டீச்சருக்குத் தெரியாமல் டிபன் பாக்ஸ் கைப்பிடியில் கட்டினேன். டீச்சர் பார்த்துவிட்டார்.

"ஏமிண்ணே இது! கெமிஸ்ட்ரியில எலுமிச்சம்பழம் எங்க வருது?"

"ஆசிட்ல வருதுல்ல, டீச்சர்."

அவர் சிரிக்கவில்லை. அப்போதுதான் நிலைமை எனக்கு உறைத்தது. நான் சொல்லும் எந்த அசட்டுப் பேச்சுக்கும் சிரிக்கிறவர் அவர்.

மார்கழிக் கடைசியில் நாலாம் தடவை போனோம். டீச்சரின் கைப்பையில் கைடுக்கு எழுதிய கடிதம் இருந்தது: கருவி இரண்டாவது ஊரில் தோற்றது, பதிவை விட்டுவிடுகிறேன். "இன்னைக்கும் இப்படியேன்னா, அண்ணே, திரும்பி வர்றப்போ பஸ் ஸ்டாண்டு தபால் பெட்டியில போட்டுருவேன்" என்றார். என் பெட்டி செய்த வேலை.

அன்று கோயிலில் விசேஷம். பாலும் வெல்லமும் குழைந்து, நெய் முழங்கை வரை வழியும் அக்காரவடிசில் நாள். வந்தவர்கள் முகமெல்லாம் நிறைந்திருந்தது. போஸ்ட்மாஸ்டர் வலது கையை நீட்டினார். முள் கடைசிக்குப் போய் முட்டியதில் டக்கென்று சத்தமே கேட்டது. டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போடவில்லை. கைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் எழுந்து பஞ்சு டப்பாவை எடுக்கப் போனேன். பயன்படுத்திய பஞ்சையெல்லாம் ஒரு தகர டப்பாவில் போட்டுக் கடைசியில் எரிப்பது என் பொறுப்பு. டப்பாவைத் தூக்கினால் என் கை மேல் எறும்பு ஏறியது. சுவரிலிருந்து டப்பாவுக்கு ஒரு சாரை, டப்பாவிலிருந்து சுவருக்கு ஒரு சாரை. ரத்தத்துக்கு வந்திருக்கும் என்று முதலில் நினைத்தேன். ஆனால் ராஜபாளையத்து டப்பாவில் ஒரு எறும்பைக்கூட நான் பார்த்ததில்லையே? குச்சியால் கிளறினேன். ரத்தம் பட்ட பஞ்சு சும்மா கிடந்தது. குத்துவதற்கு முன்னால் ஸ்பிரிட்டால் துடைத்துப் போட்ட பஞ்சு, ஒரு பொட்டு ரத்தம் இல்லாதது, அதில்தான் அம்புட்டுக் கூட்டமும். ஒன்றை எடுத்து முகர்ந்தேன். ஏலக்காய். பச்சைக் கற்பூரம். நெய்.

"டீச்சர், செத்த இங்க வாங்க," என்றேன். "நம்ம நாயி பொய் சொல்லல. வாசல்ல திருடன் நிக்கான்."

டீச்சர் வந்து பார்த்தார். முகர்ந்தார். மெதுவாகத் திரும்பினார்.

"மாமா, கோயில்ல ஏதாச்சும் சாப்பிட்டீகளா?"

"எத்தன தடவம்மா கேப்ப? சாப்பிடலை."

"பிரசாதம்?"

"மார்கழி பூராவும் தினம் சர்க்கரைப் பொங்கல், இன்னைக்கு அக்காரவடிசில். பிரசாதம் வாங்குனேன். அது எப்படிச் சாப்பாட்டுக் கணக்குல வரும்?"

"வாங்குனது எந்தக் கையில?"

"இது என்ன கேள்வி? வலது கையிலதான்."

"பொறவு கை கழுவுனீகளா?"

கூடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் டீச்சரைப் பார்த்தார்கள். கெட்ட வார்த்தை சொன்னவரைப் பார்க்கிற மாதிரி. "பிரசாதம் வாங்குன கையக் கழுவுறதா? தேய்ச்சு விட்டுக்கிட்டாப் போச்சு" என்றார் போஸ்ட்மாஸ்டர்.

டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். வெல்லத்திலேயே கொஞ்சம் குளுக்கோஸ் உண்டு, நெய்யில் வறுத்த திராட்சையில் நிறைய உண்டு, நெய் அதை விரலோடு ஒட்டி வைத்திருக்கும், ஸ்பிரிட் பஞ்சு அதை எடுக்காது, சமமாகப் பூசிவிடும் என்று சிரிப்புக்கு நடுவே எனக்குச் சொன்னார். உள்ளே போன ஒரு வாய் ரத்தத்துக்குப் போய்ச் சேர நேரமாகும். விரலில் இருப்பதோ அந்த நிமிடமே துளியில் கரைந்துவிடும். சமையல்காரருக்கு மட்டும் சரியாக வந்ததற்குக் காரணம், வெந்துபோன அவருடைய வலது கை.

போஸ்ட்மாஸ்டரின் இடது கையை அவர் அனுமதி கேட்காமல் பிடித்து டீச்சர் ஒரு குத்துக் குத்தினார். முள் எழுந்து, நிற்க வேண்டிய இடத்தில் நின்றது.

"அப்ப எனக்கு வியாதி இல்லையா?"

"இல்ல, மாமா."

அவர் உள்ளே பார்த்துக் கத்தினார்: "ஏட்டி! காபியக் கொண்டா! சர்க்கரை தூக்கலா!"

"மாமா, எல்லாரையும் மறுபடி முறையா எடுக்கணும். வெறும் வயிறு."

எழுந்தவர் உட்கார்ந்துவிட்டார்.

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். இதற்குப் பிறகுதான் வழக்கே ஆரம்பித்தது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வாருங்கள் என்றார் டீச்சர். கழுவ மாட்டோம் என்றார்கள். அப்படியானால் இடது கையைக் கொடுங்கள். பெண்பிள்ளை, அதுவும் படிப்புச் சொல்லிக் கொடுக்கிறவள், அவளிடம் இடது கையை நீட்டுவதா? ஒரு நாள் கோயிலுக்குப் போகாமல் வாருங்களேன். மார்கழியிலா? கால் விரலில் எடுக்கலாமா என்று நான் வாயை விட்டேன். "கையே ஆகாதுங்கோம். இவன் கால நீட்டச் சொல்லுதான் பாரு" என்று ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். தைக் கடைசிக்கு இருந்தது ஒரே மாதம்.

அப்போது கட்டுப்போட்ட கையோடு ஓரத்தில் நின்ற மடைப்பள்ளிக்காரர் கனைத்தார்.

"பெருமாள் தீர்த்தம் எப்படி வாங்கறோம்?"

"வலது கைக்குக் கீழ இடது கைய வச்சு."

"அதையே திருப்பிப் பிடி. இடது கையை ஒரு சாமானா நெனச்சுக்கோ. ஒரு வெத்தலை, ஒரு பழம். அதை வலது கையால தாங்கி டீச்சர்கிட்ட நீட்டு. குடுக்கறது எந்தக் கை? வலது கை. குத்து வாங்கறது எந்தக் கை? இடது கை. இதுல யாருக்கு என்ன அவமரியாதை?"

எல்லோரும் தங்கள் கைகளைத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் போஸ்ட்மாஸ்டர் சொன்னார்: "எப்பவும் நீரு இப்படித்தானய்யா. கரண்டியாலயே சாஸ்திரத்தக் கிண்டி எறக்கி வச்சிருவீரு."

அடுத்த இரண்டு காலை, இருபது பேரும் வந்தார்கள். வலது உள்ளங்கையில் இடது கையை ஏந்தி, நிச்சயதார்த்தத் தட்டை நீட்டுகிற பணிவோடு நீட்டினார்கள். ஒரு அம்மாள் பழக்கத்தில், "எடுத்துக்கோங்க" என்றுகூடச் சொன்னார். முள் ஒருமுறைகூட வீணாகக் கத்தவில்லை. வியாதி உள்ள அந்த இரண்டு பேரிடம் மட்டும் குரைத்தது. லேப் கணக்கு வந்தபோது டீச்சர் அதை முதலில் என்னிடம் காட்டவில்லை. என் கடைக்கு வந்து, டிபன் பாக்ஸின் முன்னால் விரித்து வைத்தார். பிறகு கைப்பையிலிருந்த கடிதத்தை எடுத்து நாலாகக் கிழித்தார். எலுமிச்சம்பழத்தை அவிழ்க்கவா என்று கேட்டேன். "இருக்கட்டும்ணே" என்றார்.

ஆய்வேடு நாளுக்குள் போய்ச் சேர்ந்தது. அதில் ஒரு வரி இருப்பதாக டீச்சர் படித்துக் காட்டினார்: இடது மோதிர விரலில், வலது கையின் தாங்கலுடன், ரத்தம் எடுக்கப்பட்டது. வலது கைத் தாங்கல் விஞ்ஞானப்படி அவசியமா என்று கைடு கேட்டாராம். "இந்த வட்டாரத்துல அவசியம், சார்" என்றாராம் டீச்சர். நன்றி சொல்லும் பக்கத்தில் ஒரு ரேடியோ மெக்கானிக், ஒரு சமையல்காரர், எறும்புகள் என்று எழுதியிருந்தார். கைடு எறும்புகளை மட்டும் அடித்துவிட்டார்.

மாதங்கள் கழித்து மதுரையில் வாய்மொழித் தேர்வு. பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானும் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். தேர்வாளர் சென்னையிலிருந்து வந்த பெரியவர். கேள்வியால் குடைந்தெடுத்தார். நடுவில் காபியும் மைசூர்பாகும் வந்தன. ஒரு துண்டைத் தின்றுவிட்டு, "எங்கே, எனக்குப் பாருங்கள்" என்று வலது கையை நீட்டினார்.

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் மைசூர்பாகைப் பார்த்தேன்.

"சார், அந்தக் கை வேண்டாம். இடது கை."

"இடது கையா? உங்களுக்கா?" அவர் தயங்கினார். இடது கை பாதி வழி வந்து நின்றது. பிறகு வலது கை தானாக எழுந்து, அதன் கீழே போய்த் தாங்கிக்கொண்டது. ஆய்வேட்டில் அந்த வரியைப் படித்துச் செய்தாரா, அவர் வீட்டு வழக்கத்தில் செய்தாரா, எனக்குத் தெரியாது.

டீச்சர் துடைத்தார். குத்தினார். முள் எழுந்தது, நிற்க வேண்டிய கோட்டைத் தாண்டி நடந்தது, நல்ல உயரத்தில் போய் நின்றது. டீச்சர் முகம் வெளுத்துவிட்டது. நான் எழுந்து போய் அந்த இடது விரலை உற்றுப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. வாசலில் யாரும் இல்லை. திருடன் வீட்டுக்குள்ளேதான் இருந்தான்.

"சார்..." என்று ஆரம்பித்தார் டீச்சர்.

தேர்வாளர் முள்ளைக் குனிந்து பார்த்தார். தட்டில் மிச்சமிருந்த மைசூர்பாகை ஒரு விரலால் மெல்லத் தள்ளி வைத்தார்.

"தெரியும், அம்மா. மூன்று வருஷமாக இருக்கிறது. உங்கள் பெட்டி சரியாகத்தான் சொல்கிறது" என்று குரலைத் தாழ்த்தினார். "அறிக்கையில் எழுதிவிடுகிறேன். தயவுசெய்து என் வீட்டில் மட்டும் சொல்லிவிடாதீர்கள்."

கைக்குட்டையால் வலது கையைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.